நாலு கோடும் ஒற்றைப் பட்டியும்

என் கடைக்கு வரும் உடுப்புகளில் பாதி கலியாணத்துக்குப் போகிறவை, மீதி வேலைக்குப் போகிறவை. மண்ணுக்குள் போவதற்கென்று ஒருவர் தானே நடந்துவந்து அளவு கொடுத்த உடுப்பு இத்தனை வருடத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் பிழையாகத் தைத்தேன்.

நான் புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு பிளாசாவின் மூலையில் இருக்கிறது என் அல்டரேஷன் கடை. ஒரு பக்கம் பல் வைத்தியர், மறுபக்கம் கொத்துரொட்டிக் கடை. கொத்துச் சத்தம் தொடங்கினால் வாடிக்கையாளர் சொல்வதில் பாதி காதில் விழாது. பிளவுஸ் இறுக்குவது, காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, இதுதான் தொழில். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்குக் கலியாணம், இன்றைக்குப் பிளவுஸ் என்று வருகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. ஆனால் தைத்தது பிழை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

போன வருடம் பனி கரையத் தொடங்கிய நேரம். காலையில் கடை திறந்த கையோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவரும் அவருடைய மகளும் வந்தார்கள். மகள் யூனியன்வில்லில் இருக்கிறாளாம். தாய் இறந்தபின் தகப்பனை இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்து தன்னோடு வைத்திருக்கிறாள். அவள் கையில் நீளமான உடுப்புப் பை ஒன்று. அதைத் திறந்து மேசையில் விரித்தாள். நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு சீருடை, இடது மார்பில் தைத்த சிறகு.

விமானப்படை என்று அவள் சொல்லமுன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. நீட்டிய கை தானாகப் பின்னுக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் வானத்தில் வந்த ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஹெலி, குண்டு போடுகிற பொம்மர், கனத்த சகடை. சத்தத்தை வைத்தே எது வருகிறது, பதுங்குகுழிக்கு ஓட நேரம் இருக்கிறதா என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லிவிடும். ஒரு காலை பொம்மர் வந்தபோது என் அக்கா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். கப்பி கிறீச்சிட்ட சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை. அவ்வளவுதான். சிறகு தைத்த சீருடையை நான் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்டது இந்தக் கடையில்தான்.

பெரியவர் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு விளங்கிய விதத்தில் என் தமிழில் எழுதுகிறேன்.

"இதைத் தைத்தபோது இருந்ததில் பாதி ஆள்தான் இப்போது இருக்கிறேன். எனக்கு அளவாக்கித் தர வேண்டும். இன்னும் சில மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைப் போட்டுத்தான் என்னைப் புதைக்கப் போகிறார்கள்."

பால் வாங்கிவரப் போகிறேன் என்பது போன்ற குரலில் சொன்னார். மகள் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிட்டிஷ் விமானப்படையில் முப்பது வருடத்துக்கும் மேலாக இருந்து, ஓய்வு பெற்றவராம். அதையும் மகள்தான் சொன்னாள். அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

சீருடையைப் போட்டுக்கொண்டு, ஒன்றையும் பிடிக்காமல் முக்காலியில் ஏறி நின்றார். தோளில், முதுகில், இடுப்பில் ஊசி குத்தினேன். மூச்சு வாங்கியதே தவிர முதுகு வளையவில்லை. முடிந்தது சேர், இறங்கலாம் என்றேன். இறங்கியவர் என் வெட்டுமேசையைப் பார்த்தார்.

"நின்று அளவெடுத்து என்ன பயன்? அன்றைக்கு நான் நிற்கப் போவதில்லை. படுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்."

கலியாணப் பிளவுஸ் வெட்டுகிற மேசை அது. வேறு யாரும் கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். ஏனோ அவரிடம் மறுத்துப் பேச வரவில்லை. துணிகளை ஒதுக்கி, தோய்த்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்தேன். மகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து ஏற்றினோம். சப்பாத்தைக் கழற்றி, குதிகள் ஒட்டியிருக்க, கைகளைப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"காலர் கழுத்தில் ஏறுகிறது" என்றார், கண்ணைத் திறக்காமலே.

உண்மைதான். நிற்கும்போது சரியாக இருந்த காலர், படுத்ததும் தாடையை முட்டியது. குனிந்து அதைச் சரிசெய்தேன். சாவு என்ற சொல்லை வீட்டுக்குள் சொன்னாலே வாயைப் பொத்துகிற சனம் நாங்கள். இந்த மனிதர் தன் சாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு கிடக்கிறார், அதிலும் காலர் பிழை பிடிக்கிறார். இப்படி ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடையில் கொத்து அடிக்கத் தொடங்கினார்கள். ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"என்ன அது?"

"சாப்பாடு, சேர்."

"நல்லது. என்ஜினில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன்."

எழுந்து இருந்தபின் சட்டைக் கை முனைகளைப் பார்த்தேன். இரண்டு கையிலும் மணிக்கட்டுக்கு மேலே சுற்றிவர ஒரு அகலமான பட்டி. கறுப்பு, நடுவில் வெளிர்நீலம். பழசாகிப் பிசிறு பறந்தது. வலது கைப் பட்டி ஒரு பக்கம் கிழிந்து, தையல் விட்டுத் தொங்கியது. பூச்சி அரித்திருக்கிறது என்றேன். அவர் அந்த இடத்தை மற்றக் கையால் மூடிக்கொண்டார். மகள் பைக்குள்ளிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினாள்.

"பட்டி, நூல் எல்லாம் இதற்குள் இருக்கிறது. அம்மா சேர்த்து வைத்தது. முன்பு இருந்த மாதிரியே செய்துவிடுங்கள்."

இரண்டு கிழமை தவணை கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் பட்டியைப் பிரித்தேன். பிரித்த இடத்தில் துணியின் நிறம் மங்காமல், வரிவரியாக ஊசித் துளைகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன். மெல்லிய கோடுகள் நாலு, ஒன்றன்மேல் ஒன்றாக. முதல் மூன்றும் மெஷின் தையல். நாலாவது கைத்தையல், வேறு ஆள். யாரோ பொறுமையாக, நூல் வெளியே தெரியாமல் ஊசி விட்டிருக்கிறார்கள். டின்னைத் திறந்தால் அதற்குள் அந்த நாலு கோட்டுக்கும் உரிய மெல்லிய பட்டி கழற்றிச் சுருட்டியபடி இருந்தது, புதிய அகலப் பட்டியும் கொஞ்சம் இருந்தது. எனக்கு விளங்கிப்போயிற்று. முன்பு நாலு கோடு இருந்திருக்கிறது. பிறகு அந்த நாலையும் பிடுங்கிவிட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள்.

என்னவோ மனது கேட்கவில்லை. மாலை ரெயினில் பிக்கரிங்குக்கு வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கேட்டேன். அவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். வானத்தில் பறப்பது எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

"இஞ்சேருங்கோ, பைலட்மாருக்குக் கையில கோடு இருக்கெல்லே. எத்தினை கோடு பெரிசு?"

"நாலு. நாலு எண்டாக் கப்டன். மூண்டு எண்டா பக்கத்தில இருக்கிறவர்."

"ஒண்டு எண்டா?"

"ஒண்டோ? உது இப்பதான் படிச்சு முடிச்சு வந்த பெடியன். ஏன் கேக்கிறீர்?"

கதையைச் சொன்னேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினார்.

"நாலில இருந்து ஒண்டுக்கோ? அப்ப மனிசன் ஏதோ பெரிய பிழை விட்டிருக்கிறார். இறக்கிப் போட்டாங்கள்."

"ஆனா அந்த ஒண்டு நல்ல அகலமாக் கிடக்குது."

"தண்டனை எண்டாத் தூரத்தில நிண்டு பாக்கத் தெரியவேணும்தானே. அதுதான் அகலமாப் போட்டிருக்கிறாங்கள்."

போனில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் சங்கதி வெளித்திருக்கும். ஆனால் வீட்டிலேயே விமான நிலைய நிபுணர் இருக்க ஏன் தேட வேண்டும்?

அடுத்த நாள் முழுக்க அந்தச் சீருடை என் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. சிறகுக்காரனுக்கு நீ இரங்குகிறாயா என்று என்னை நானே கேட்டேன். அக்காவை நினைத்தால் அந்த நிறமே ஆகாது. ஆனாலும் மேசையில் அவ்வளவு நேராகப் படுத்திருந்த மனிதர், கையில் தண்டனையோடு பெட்டிக்குள் போகவேண்டுமா? மகள் என்ன சொன்னாள்? முன்பு இருந்த மாதிரி. எந்த முன்பு என்று சொல்லவில்லையே. அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பழைய ஊசித் துளைகளுக்குள்ளேயே ஊசியை விட்டு, இரண்டு கையிலும் நாலு நாலு கோடு, எல்லாம் கையால், மூன்று நாள் இருந்து தைத்தேன். அவ்வளவு சீராக நான் என் மகளின் கலியாணப் பிளவுஸுக்கும் தைக்கவில்லை.

தவணைக்கு வந்தார்கள். பெரியவர் இன்னும் மெலிந்திருந்தார். சீருடையைப் போட்டுவிட்டேன். தோள் சரி, காலர் சரி. பிறகு கையைத் தூக்கிப் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பெரியவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"அம்மா, நீங்கள் என்னைப் பதவி இறக்கிவிட்டீர்கள்."

அவர் விளக்கமாகச் சொன்னார். நாலு மெல்லிய கோடு என்றால் ஒரு தளத்துக்கு அதிகாரி. அதற்கு மேலே போகிறவர்களுக்குக் கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒற்றை அகலப் பட்டி தருவார்கள். அது அவர் ஏறிய உச்சம். நான் பிடுங்கியெடுத்தது அதைத்தான்.

எனக்கு முகம் வைக்க இடமில்லை. பிழை விட்டதை மறைத்துப் பழக்கமும் இல்லை. கணவர் சொன்னது, தூரத்தில் தெரியவேண்டிய தண்டனை என்பது உட்பட, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். சிரிப்பில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மகள் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்கள் கணவர் அப்படி ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை" என்றார் குடித்து முடித்ததும்.

கதிரையில் அமர்ந்து, ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுக் காட்டினார். முதல் கோடு கிடைத்தபோது வயது இருபதுகூட இல்லை. விடிய எழும்பியதும் கண்ணில் படவேண்டும் என்று சீருடையைக் கதிரையில் மாட்டிவிட்டுத்தான் படுப்பாராம். அடுத்த இரண்டும் மணல் தேசங்களில், சாமான் ஏற்றுகிற பெரிய விமானம் ஓட்டியபோது வந்தவை. நாலாவது வந்தபோது மனைவி, இதை நான்தான் தைப்பேன் என்று பிடிவாதமாகத் தைத்தாராம். அந்தக் கோட்டோடு பஞ்சம் பிடித்த ஒரு நாட்டுக்குப் போனார். தரைக்கு மேலே மர உயரத்தில் பறந்து, பின்கதவால் தானிய மூட்டைகளைத் தள்ளினார்கள். சனம் ஓரத்தில் நின்று காத்திருக்கும். ஒரு மூட்டை வெடித்தால், புழுதியில் இருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கும்.

"அந்த நாட்களில் தூங்கியதுபோல நான் அதற்கு முன்னும் தூங்கவில்லை, பின்னும் தூங்கவில்லை."

வானத்தில் இருந்து விழுவது சாப்பாடாகவும் இருக்கலாம் என்பதை நானும் ஒருமுறை கண்டிருக்கிறேன். எங்கள் ஊரிலும் ஒருநாள் விமானங்கள் வந்து பொதிகள் போட்டன. குண்டு என்று நினைத்துப் பதுங்குகுழிக்குள்ளேயே கிடந்தோம். வெளியே வந்து பார்த்தால் அரிசியும் பருப்பும் மண்ணோடு மண்ணாகச் சிதறிக் கிடந்தன. இதைச் சொன்னதும் அவர் முன்னுக்குச் சாய்ந்தார்.

"பொதிகளுக்குப் பரசூட் குடை கட்டியிருந்தார்களா? எவ்வளவு உயரத்தில் இருந்து?"

"குடை இருந்தது, சேர். உயரம் அளக்க நான் வெளியே நிற்கவில்லை."

அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குத் துணிவு வந்தது. இதை இப்படியே விடுங்கள் சேர் என்றேன். மகளும் பக்கத்தில் வந்து முழங்காலில் இருந்தாள்.

"ஓம் அப்பா, விடுங்கள். நீங்கள் சந்தோஷமாக இருந்த காலம் இது. அம்மா தைத்த கோடு."

அவருக்கும் ஆசைதான். நாலாவது கோட்டைப் பெருவிரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். ஆனால் தலையை ஆட்டினார்.

"அகலப் பட்டி வந்தபின் நான் விமானம் ஓட்டவில்லை. மேசை வேலையில் இருந்தேன். மற்றவர்கள் பறப்பதற்குக் கையெழுத்து வைத்தேன். ஒரு பின்னேரம் காலநிலைத் தாள் என் முன்னால் இருந்தது. அதை வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். ஏழு பேர். மலையில் மோதியது. விசாரித்தவர்கள் காலநிலை என்று எழுதினார்கள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை."

பக்கத்துக் கடையில் கொத்துச் சத்தம் நின்றிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"வீடுகளுக்குப் போய்ச் சொல்ல என்னிலும் கீழ் நிலையில் ஆட்கள் இருந்தார்கள். நான் போகத் தேவையில்லை. ஏழு வீட்டுக்கும் போனேன், இதே சீருடையோடு. நான்தான் கையெழுத்து வைத்தேன் என்று சொன்னேன். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு தாய் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. இழுத்தாள். பட்டி அப்போதுதான் கிழிந்தது. பூச்சி இல்லை. என் மனைவி புதியது தைக்கப் பட்டி வாங்கி வைத்திருந்தாள், நான் விடவில்லை."

மகள் அதுவரை இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"அந்தத் தாய்மார் பார்த்தது நாலு கோட்டுக்காரனை இல்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்தால், ஏழு பெடியன்கள் இருப்பார்கள். யார் கையெழுத்து வைத்தது என்று அவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும்." பிறகு, முதல்தடவையாகக் கொஞ்சம் பதற்றத்தோடு கேட்டார். "பழைய பட்டி இருக்கிறதா? எறிந்துவிட்டீர்களா?"

பிரித்தெடுத்த எதையும் நான் எறிவதில்லை. துண்டுச் சீட்டோடு சேர்த்து ஊசி குத்தி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டியதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அன்றைக்கு வந்த மற்ற வாடிக்கையாளர் எல்லோரையும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். நாலு கோட்டையும் பிரித்து, பழைய அகலப் பட்டியைக் கிழிசலோடு அப்படியே வைத்துக் கையால் தைத்தேன். துணி சுருங்காமல் மகள் மறுபக்கத்தை இழுத்துப் பிடித்தாள். அவளுடைய கண்ணீர் சட்டைக் கையில் விழுந்தது. ஈரப்படும், தள்ளியிருங்கள் என்று அதட்டினேன். என் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்.

"உங்கள் ஊருக்குச் சாப்பாட்டு விமானம் வந்தது என்றீர்கள். மற்றதும் வந்ததா?"

"வந்தது, சேர். என் அக்கா போனாள்."

அவர் வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. இங்கே எல்லோரும் உடனே சொல்கிற சொல் அது. அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

"யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தார்களா?"

ஊசியை நிறுத்தாமலே, இல்லை சேர் என்றேன். தைத்து முடித்துப் போட்டுவிட்டபோது, வெறும் காலுறையோடு என் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். சிறகுக்கும் அந்த நிறத்துக்கும் வாழ்நாள் முழுக்கப் பயந்த நான், அவருடைய பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டேன். எவ்வளவு பெரிய மனிதர் இவர் என்ற ஒரே நினைப்புத்தான் எனக்குள் இருந்தது. பதவியைச் சொல்லவில்லை.

கோடை தொடங்கமுன் அவர் போய்விட்டார் என்று மகள் செய்தி அனுப்பினாள். காலர் சரியாக இருந்தது என்றும் எழுதியிருந்தாள். அதை ரெயினில் வைத்துத்தான் வாசித்தேன். பிக்கரிங் வரும்வரை அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் இப்போது இல்லை. அக்காவுக்குப் பிறகு, அந்த விமானத்துக்குக் கையெழுத்து வைத்த ஒருவர் எங்கள் வாசல் படலைக்கு வந்து, நான்தான் என்று சொல்லியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பார்? மண்ணை அள்ளி எறிந்து திட்டியிருப்பார். நாசமாய்ப் போவாய் என்று தலையில் அடித்துக் கத்தியிருப்பார். வந்தவருடைய கையைப் பிடித்து இழுத்திருப்பார், சட்டை கிழிகிற மாதிரி. எல்லாம் ஓய்ந்தபிறகு, வெயிலுக்குள்ள நிக்கிறாய், உள்ள வந்து இரு என்று கதிரையை இழுத்துப் போட்டிருப்பார். எனக்கு அம்மாவைத் தெரியும், கட்டாயம் போட்டிருப்பார். ஒருவர்கூட வரவில்லை.